மஞ்சள் அடித்த ஸ்பிரிங்

1

இங்கிலாந்தில் ஒரு வண்டிக்கு மூன்று வயது முடிந்துவிட்டால், வருடத்துக்கு ஒரு முறை அதைச் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். போன வாரம் என் கார் தேறவில்லை. பின்பக்கம், இடது, ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுகிறார்கள். அந்த உப்பு வண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு துருவாகிறது. பிறகு ஏதோ ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் ஒடிகிறது. பதினெட்டு வருடத்தில் எனக்கு இது மூன்றாவது.

முதல் தடவை ஒடிந்தபோது ஒர்க்‌ஷாப்பில் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதுவரை வேலைக்கு எதில் போவது என்று கேட்டதற்கு, கவுண்ட்டரில் இருந்த பெண் மிகவும் வருத்தப்பட்டாள். இந்த ஊரில் வருத்தப்படுவதற்கு யாரும் தயங்குவதில்லை. நான் இரண்டு ஜாக்கும் ஒரு ஸ்பானர் செட்டும் வாங்கி, வீடியோ பார்த்து, வீட்டு வாசலிலேயே மாற்றினேன். அதற்குப் பிறகு குழாய், வேலி, கதவுப் பூட்டு, தலைமுடி எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். யாரையும் கேட்காமல் ஒரு காரியத்தை முடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று எப்போது நம்ப ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. எதிர் வீட்டுக்காரரும் அப்படித்தான். பதினெட்டு வருடமாகக் கையசைத்துக்கொள்கிறோம்.

இந்தச் சனிக்கிழமை காலை சக்கரத்தைக் கழற்றியதும் என் விரல் உடைந்த ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்தது. மஞ்சள் பெயிண்ட் எங்காவது இருக்கிறதா என்று. இருக்காது என்று தெரியும். போன வருடம் சேலையூரில் நான் செய்துவிட்டு வந்த காரியத்தால் வந்த பழக்கம் அது.

2

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே நாலாவது தெருவில் என் பெற்றோர் வீடு. அப்பா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டில் இருந்தபடி பாதித் தெருவுக்குத் தையல் கற்றுக்கொடுத்தவர். போர்டிகோவில் சீட் உயரமான ஒரு சின்ன கார் நிற்கும். அப்பா ஓய்வு பெற்ற வருடம் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும், மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கும் போய் வரும்.

போன வருடம் அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாரம் லீவு போட்டுப் போனேன். எங்கள் சர்ச்சில் அன்றைக்கு ஆளுக்கு ஒன்று கொண்டுவருவார்கள். வாழைத்தார், சேவல், முறுக்கு, பூந்தொட்டி என்று எல்லாம் ஏலத்துக்கு வரும். அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய்க்கு ஒரு கூட்டம் உண்டு. என்னைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சாமு, ஞாயித்துக்கிழமை இருப்பல்ல?" என்பதுதான்.

வண்டியைப் பார்த்தேன். பின்பக்கம் தொய்ந்து கிடந்தது. ஆள் யாரும் ஏறாமலே நாலு பேர் ஏறினது மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இது எத்தன நாளாப்பா இப்படி இருக்கு?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஓடுது. ஒண்ணும் தொந்தரவு இல்ல."

"அடுத்த வருஷம் பதினஞ்சு முடியுது. ஆர்.டி.ஓ.ல திரும்பப் பதிவு பண்ணணும். இப்படிக் கொண்டுபோனா வண்டியவே திருப்பி அனுப்பிடுவாங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வகுப்பில், விடை தெரிந்தும் சொல்ல விரும்பாத பையன்கள் அப்படி எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது அது ஞாபகம் வரவில்லை.

தாம்பரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். ஸ்பிரிங் வேண்டும் என்றேன். "காயிலா, பட்டையா?" என்றார் கடைக்காரர். சுருளா, லாரிக்குப் போடுகிற பட்டையா என்று கேட்கிறார் எனப் புரிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. அவர் விலை சொன்னதற்கு ஒரு தேங்க்ஸ், எடுத்துக் காட்டியதற்கு ஒரு தேங்க்ஸ், பையில் போட்டுக் கொடுத்ததற்கு ஒரு தேங்க்ஸ். மூன்றாவதற்கு அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சார் எந்த ஊரு?" என்றார். சேலையூர் என்றேன். அவர் நம்பவில்லை.

3

வெள்ளிக்கிழமை காலை போர்டிகோவில் கடை விரித்தேன். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, வண்டியின் உடம்பு ஸ்டாண்டில் உட்காரும்படி செய்து, சக்கரங்களைக் கழற்றினேன். அச்சுக்கு அடியில் இரண்டாவது ஜாக். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த ஜாக்கை மெதுவாக இறக்கினால், அச்சு கீழே வரும். ஸ்பிரிங் தானாகக் கையோடு வந்துவிடும். இந்த வகை வண்டியில் பின் ஸ்பிரிங் சுலபம். முன்பக்கம் என்றால் அதை அழுத்திப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். அந்த வம்புக்கு நான் போவதில்லை.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பேப்பரோடு உட்கார்ந்தார். ரொம்ப நேரமாக ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நசீர ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யலாமே," என்றார்.

நசீர், ராஜகீழ்ப்பாக்கம் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். அப்பா அவனைக் கணக்கில் இரண்டு தடவை ஃபெயில் போட்டிருக்கிறார். அதை அவன் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பதினான்கு வருடமாக இந்த வண்டியை அவன்தான் பார்க்கிறான்.

"இதுக்கு எதுக்குப்பா நசீர்? அரை நாள் வேலை."

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. "விடுங்க, அவன் ஆசையா செய்றான்," என்றார் அப்பாவிடம்.

அந்த வாக்கியத்தை அப்போது பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வலது போல்ட் லேசில் வரவில்லை. துரு ஸ்பிரே அடித்து, கால் மணி நேரம் காத்திருந்து, ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி இழுத்தேன். முனகிக்கொண்டே வந்தது. இரண்டு ஸ்பிரிங்கும் வெளியே வந்ததும், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். பழையது இரண்டு விரற்கடை குள்ளம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீங்களா?" அப்பா பார்த்தார். பழைய ஸ்பிரிங்குகளின் அடிச் சுற்றில் கட்டை விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தது. கம்பெனி அடையாளமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன். வண்டி நிமிர்ந்து நின்றது. படம் எடுத்து மனைவிக்கும் மகளுக்கும் அனுப்பினேன். மனைவி ஒரு கட்டை விரல் அனுப்பினாள். பதினாறு வயது ரூத் ஒன்றும் அனுப்பவில்லை. அவள் என் செய்திகளுக்குப் பதில் போடுவது அபூர்வம். தமிழ் புரியும், பேசமாட்டாள். வளர வளர என் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நான் மனைவியிடம் அடிக்கடி புலம்புவதுண்டு.

சாயங்காலம் தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியோடு வந்தார். இரண்டு பழைய ஸ்பிரிங்கையும் தூக்கிக் கொடுத்தேன். எதுவும் வேண்டாம், எடுத்துப் போங்கள் என்றேன். போர்டிகோவைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

4

ஞாயிற்றுக்கிழமை அம்மா கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை கட்டியிருந்தார். ஊறுகாய் பாட்டில்கள் பன்னிரண்டையும் பழைய துணி சுற்றி ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி, முன் சீட்டில் வைக்கச் சொன்னார். பின் கதவைத் திறந்துவிட்டேன்.

அம்மாவுக்கு இடுப்பு மூட்டு கோளாறு. இடது காலைத் தூக்க முடியாது. குள்ளம் வேறு. அதனால் காருக்கு முதுகைக் காட்டி நின்று, சீட்டில் அப்படியே உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்வார். அன்றைக்கும் முதுகைக் காட்டி நின்றார். உட்காரப் போனார். சீட்டின் விளிம்பு அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்திப் பார்த்தார். வழுக்கிக் கீழே நின்றார். இன்னொரு தடவை பார்த்தார். நான் தூக்கிவிடப் போனேன். "தொடாத, வலிக்கும்," என்றார்.

"ஸ்டூல் கொண்டுவரட்டுமா?" என்றேன்.

"ஸ்டூல் வேண்டாம்." இதைச் சொன்னது அப்பா. சத்தமாக.

அம்மா சேலையைச் சரி செய்துகொண்டார். "இன்னிக்கு கால் சரியில்ல. நீங்க ரெண்டு பேரும் போங்க. பாட்டில் பத்திரம்," என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே போய்விட்டார். நான் அதை நம்பினேன். கால் சரியில்லாத நாட்கள் இருக்கத்தானே செய்யும்.

சர்ச்சில் பத்துப் பேராவது கேட்டார்கள், அம்மா வரலையா என்று. அப்பா ஒவ்வொருவருக்கும், "கால் வலி" என்றார். ஊறுகாய் ஏலத்தில் முதலில் போனது. பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு என்னிடம், அங்கே குளிர் எப்படி, பிள்ளை என்ன படிக்கிறாள், திரும்பி வருகிற எண்ணம் உண்டா என்ற மூன்று கேள்விகளையும் எல்லோரும் அதே வரிசையில் கேட்டார்கள். நானும் அதே வரிசையில் பதில் சொன்னேன்.

திரும்பும்போது, "நசீர் பட்டறைல கொஞ்சம் நிறுத்து," என்றார் அப்பா.

5

நசீர் ஒரு ஆட்டோவின் அடியிலிருந்து வெளியே வந்தான். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். வண்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"இன்னாண்ணா, வண்டி பின்னால தூக்கினு நிக்குது?"

"ஸ்பிரிங் உக்காந்திருந்துச்சு நசீர். நானே புதுசு மாத்திட்டேன்."

அவன் குனிந்து பின் சக்கரத்துக்கு மேலே கையை விட்டு அளந்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா ஏறுனாங்களா?"

தையல் டீச்சர் என்பதால் அம்மா அவனுக்கு டீச்சரம்மா. "இல்ல. இன்னிக்கு கால் சரியில்லன்னு..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே எனக்குப் புரிய ஆரம்பித்தது.

"அது தானா உக்காந்த ஸ்பிரிங் இல்லண்ணா. நான் தேடிப் புடிச்சிப் போட்டது. இதே மாடல் வண்டி ஒண்ணு, எட்டு வருஷம் சிறுசேரிக்கு ஆபீஸ் ஆளுங்கள ஏத்தினு ஓடிச்சி. நல்லா உக்காந்து பூட்ட ஸ்பிரிங். அந்த வண்டிய ஒடைக்கும்போது நான் எடுத்து வெச்சேன். போட்டதும் ரெண்டு விரல் எறங்கிச்சி. டீச்சரம்மா அப்டியே உக்காந்தாங்க. நானும் சாரும் இங்க நின்னு பாத்தோம்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"மஞ்ச பெயிண்ட் அடிச்சிருந்தேனே, பாக்கல? எங்க பட்டறைல வேணும்னே மாத்திப் போட்ட சாமானுக்கு மஞ்ச அடிப்போம். வேற மெக்கானிக் கை வெச்சாலும் என்னாண்ட ஒரு வார்த்த கேப்பான். இந்த ரோட்டுல அல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் அந்த ரோட்டில் இல்லை.

மீதியை அப்பா சொன்னார். ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். முன்னெல்லாம் அம்மா ஸ்டூலில் ஏறித்தான் காரில் உட்காருவாராம். இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்ச் வாசலில் இறங்கும்போது ஸ்டூல் சாய்ந்து, நெற்றியில் அடிபட்டு மூன்று தையல். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அம்மா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கார் என்றாலே வேண்டாம் என்றாராம். அப்பா இதை நசீரிடம் வந்து சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போனில் கேமரா கெட்டுவிட்டது, இரண்டு வாரம் வீடியோ வேண்டாம் என்றார்கள். அதை எப்படிச் சரி செய்வது என்று அப்பாவுக்கு நான் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரிப்பா, பாக்கறேன்" என்றார்.

"சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா நீ அங்க உக்காந்துகிட்டு என்ன பண்ணுவ? ராத்திரியெல்லாம் முழிச்சிருப்ப. வேற என்ன?"

"வெள்ளிக்கிழமையாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் வந்தேன். உங்கம்மா விடச் சொல்லிட்டா. மூணு வருஷத்துக்கு ஒரு தடவ வர்றான், நமக்குன்னு ஏதோ செய்றான், அத வேண்டாம்னு சொல்லாதீங்கன்னா. நான் ஏறாட்டி பரவால்லன்னா."

வெட்கமாக இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தன்னால் ஏற முடியாது என்று வெள்ளிக்கிழமையே தெரிந்துதான் வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டே பட்டுச் சேலையும் கட்டியிருக்கிறார்.

"பழசு எங்கண்ணா?" என்றான் நசீர்.

காயலான் கடைக்குப் போயிருக்கும் என்றேன். அவன் என்னைத் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பைக்கை எடுத்தான். நான் பின்னால் ஏறினேன். மாடம்பாக்கம் ரோட்டில் இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடையில், ஞாயிறு என்பதால் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே இரும்புக் குவியலில் சைக்கிள் ரிம், கிரில் கம்பி, மிக்ஸி மோட்டார். நசீர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கிளறினோம். ஒன்று சீக்கிரம் கிடைத்துவிட்டது. இன்னொன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு பழைய இரும்பு கேட்டுக்கு அடியில் மஞ்சளாகத் தெரிந்தது. வாழ்க்கையில் ஒரு பொருளைக் கண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பட்டறையில் நசீர் இருபது நிமிடத்தில் மாற்றிவிட்டான். நான் ஸ்பானரைத் தொடவில்லை. கேட்டபோது எடுத்துக் கொடுத்தேன். போல்ட்டை இறுக்கிவிட்டு, "பயப்படாதண்ணா, ரெண்டு பேரு எடைக்கு இது தாங்கும். சார் முப்பதத் தாண்ட மாட்டாரு," என்றான். கழற்றிய புது ஸ்பிரிங் இரண்டையும் பேப்பரில் சுற்றி டிக்கியில் வைத்தான். "இத பத்திரமா வெச்சிக்க சார்," என்றான் அப்பாவிடம். எதற்கு என்று அப்பாவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தோம். அம்மா பட்டுச் சேலையை மாற்றாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தார். "இன்னும் முடிஞ்சிருக்காது, வாங்க," என்றேன். அம்மா வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதுகைக் காட்டி நின்று, உட்கார்ந்தார். ஒரு கால். இன்னொரு கால். கதவைச் சாத்தினேன்.

நாங்கள் போனபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இறங்கவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகக் காரிடம் வந்து பேசினார்கள். யாரோ ஒரு வாழைப்பழச் சீப்பைக் கொடுத்தார்கள். ஊறுகாய் யாருக்குப் போனது, இந்தத் தடவை உப்பு கூடிவிட்டதா என்று அம்மா விசாரித்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தெம்பு வரவில்லை.

அன்றைக்கு ரூத்திடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. உடைந்த தமிழில், ஆனால் தமிழில். "அப்பா, பாட்டி கார்ல ஏறினாங்களா? அந்தக் கார் ஏன் உயரமா இருக்கு? பாட்டி ஸ்டூல்லேர்ந்து விழுந்தது எனக்குத் தெரியும். போன்ல பாட்டியே சொன்னாங்க, அப்பாகிட்ட சொல்லாதேன்னு." நான் அனுப்பிய படத்தை அவள் பார்த்திருக்கிறாள். என்னைவிடச் சரியாகப் பார்த்திருக்கிறாள். என் வீட்டில் யார் யாரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை அதற்குப் பிறகு நான் மனைவியிடம் பேசுவதில்லை.

6

இந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். இங்கே ஸ்பிரிங்கை மாற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கையைக் கழுவிவிட்டு சேலையூருக்குப் போன் செய்தேன். எதிர் வீட்டுக்காரர் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

அப்பா எடுத்தார். ஆர்.டி.ஓ. வேலை முடிந்துவிட்டதாம். அதே தாளை மூன்று தடவை திருத்தி எழுதச் சொன்னார்களாம், வண்டிக்குக் கீழே யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லையாம். நசீர்தான் கூடப் போயிருக்கிறான். அம்மா போனை வாங்கி, இந்த வருட ஊறுகாய்க்கு எலுமிச்சை சரியில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். வண்டியில் ஏறுவது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இப்போது நேராகவே கேட்டுவிடுகிறேன். "இன்னும் கொஞ்சம் எறங்கியிருக்கு. எனக்கு இன்னும் வசதி," என்றார்.

அப்பா மறுபடி போனை வாங்கினார். சாமான் ரூமைச் சுத்தம் செய்தபோது அந்தப் புது ஸ்பிரிங் இரண்டையும் பிரித்துப் பார்த்தாராம். மழை ஈரத்தில் பேப்பர் ஒட்டிப்போய், லேசாகத் துரு பிடிக்க ஆரம்பித்திருக்கிறதாம்.

"கிரீஸ் தடவி வெக்கட்டுமா? இப்பவே தடவினா கெடாம இருக்கும்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எப்பவாவது போடறதுக்கு," என்றார்.

எப்போது என்று இரண்டு பேருக்கும் தெரியும்: பின் சீட்டில் அம்மா இல்லாதபோது.

"வேண்டாம்ப்பா," என்றேன். "துரு பிடிக்கட்டும்."